ஊர் அறிவியல் மன்றம்: இந்த ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பிள்ளைகளோடு செய்து பார்த்த வேடிக்கைகளைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதிகம் பேசப்பட்டது பூட்டும் நட்டும். ஒரு மீட்டர் நூலின் ஒரு முனையில் கனமான பூட்டு, மறுமுனையில் சின்ன நட்டு. நூலைப் பென்சில் மேல் போட்டு, நட்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, அப்புறம் சட்டென்று விட்டுவிட வேண்டும். பூட்டு விழப்போகிறது என்று எல்லோரும் காலை இழுத்துக்கொண்டார்கள். நட்டோ விர்ரென்று பென்சிலைச் சுற்றிக்கொண்டது. பூட்டு அந்தரத்தில் நின்றுவிட்டது. பூட்டு இறங்க இறங்க நட்டுப் பக்கத்து நூல் குறைகிறது, குறையக் குறைய நட்டின் வேகம் கூடுகிறது. பிறகு பிடித்து நிறுத்துவது உராய்வு. 2019இல் சர்வதேச இளம் இயற்பியலாளர் போட்டிக்கே இதை ஒரு கேள்வியாகக் கொடுத்திருந்தார்கள்.

அன்று வந்திருந்த பெரியவர் ஒருவர், பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிப் பழகியவர், எழுந்து சொன்னார்: “முரட்டுக் காளையோட மல்லுக்கட்டக் கூடாது கண்ணு. கயித்தை மரத்துல ரெண்டு சுத்து சுத்திப் போடுங்க, மரம் புடிச்சுக்கும்.” பாடம் அதேதான். உராய்வுக் குணகம், அதாவது இரண்டு பரப்புகளுக்கு இடையே உள்ள பிடிமானத்தைக் காட்டும் எண், 0.3 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றுக்கு நம் கைப்பிடியைப் போல ஆறரை மடங்கு இழுப்பைத் தாங்கலாம். இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்றுக்கு 280க்கும் மேல். கூடுவதில்லை, பெருகுகிறது. மரம் பருத்ததா, மெலிந்ததா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் போட்டுவைத்த கணக்கு இது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

தண்ணீர்ச் சொம்பைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுற்றியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் ஆரத்துக்கு, உச்சியில் நொடிக்கு 3.1 மீட்டருக்குச் சற்று மேல் வேகம் இருந்தால் ஒரு சொட்டும் சிந்தாது. துடைப்பத்தை இரண்டு விரல் மேல் வைத்து விரல்களை நெருக்கும் விளையாட்டும் நன்றாக எடுபட்டது. எந்த விரல் மேல் பாரம் அதிகமோ அது நிற்கும், மற்றது நகரும்; இப்படி மாறி மாறி, விரல்கள் எடை நடுவத்தில்தான் சேரும்.

நோம்பிக் கடைகளோடு வரும், செங்குத்தான வட்டச் சுவரில் பைக் ஓட்டிக் காட்டும் மரணக்கிணறு பற்றி ஒரு மாணவி கேட்டாள்: குண்டானவர் ஓட்டினால் விழுந்துவிடுவாரா? மாட்டார். எடை கூடினால் சுவரை அழுத்தும் விசையும் அதே அளவில் கூடி, உராய்வும் கூடிவிடும். ஆரம் 5 மீட்டர், குணகம் 0.6 என்று கொண்டால், யார் ஓட்டினாலும் குறைந்தது மணிக்கு 32 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வேகம் வேண்டும். கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்தவளும் அவளே.

ஒன்றை வலியுறுத்துகிறேன். மேடையில் ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போவது போதாது. நூலும் நட்டும் ஒவ்வொரு பிள்ளை கையிலும் இருக்க வேண்டும். வரும் ஆண்டுக்கு இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறையும் தறியும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பழைய நட்டு, மிச்ச நூல் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்