பழைய எம்.ஜி.பி ஒன்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லண்டனில் வெயில் தலைகாட்டத் தொடங்கியதும் எங்கள் கராஜின் வட்ஸ்அப்புக்கு விளம்பரப் படங்கள் வந்து குவியும். கூரையை மடித்த சிவப்பு எம்.ஜி.பி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று ஏதாவது கிராமத்துப் பப் வாசலில் பளபளவென்று நிற்கும். கீழே ஒரு கேள்வி: "அண்ணை, இந்த விலைக்கு எடுக்கலாமோ?"

படத்தைப் பார்த்து நாங்கள் விலை சொல்வதில்லை. சிலருக்கு இதில் மனவருத்தம் உண்டு என்று தெரியும். ஏன் சொல்வதில்லை, நேரில் பார்க்கும்போது எதை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதை எழுதிவிடலாம் என்று நினைத்தோம். பிறகு எங்களிடம் வராமலே நீங்கள் வாங்கினாலும் சந்தோஷம்தான்.

முதலில், எம்.ஜி.பி அரிய பொருள் அல்ல. 1962 முதல் 1980 வரை ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது என்றாலும் இங்கேயும் தாராளமாக இருக்கிறது. "இண்டைக்கு எடுக்காட்டில் போயிடும்" என்று விற்பவர் சொன்னால் போகட்டும். அடுத்த கிழமை இன்னொன்று வரும். விலை பேசுவதில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான்.

எஞ்சினும் புதிரானது அல்ல. 1798 சி.சி, பி.எம்.சி கொம்பனியின் பி-சீரிஸ் குடும்பம். ஊரில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும், இந்தியாவின் அம்பாசடரில் இருந்த 1489 சி.சி எஞ்சினிலும் அதே குடும்பத்து இரத்தம்தான். எங்கள் மூத்த வாடிக்கையாளர்கள் சிலர் பொனற்றைத் திறந்தவுடன், "இது எங்கட கேம்பிரிட்ஜ் எஞ்சின் எல்லோ" என்பார்கள். பிழையில்லை. அப்படிப்பட்ட எஞ்சினைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. அதைப் பார்த்து மயங்கவும் தேவையில்லை. மயங்குகிறவர்கள்தான் அதிகம்: பொனற்றுக்குள் குரோம் பூசிய மூடி, புதுச் சிவப்பு வயர், துடைத்து வைத்த இரண்டு எஸ்.யூ கார்புரேற்றர். இவற்றைப் பார்த்ததும் பலருடைய கை பொக்கெற்றுக்குள் போய்விடுகிறது.

எம்.ஜி.பியின் விலை பொனற்றுக்குள் இல்லை. கதவுக்குக் கீழே இருக்கிறது.

இந்தக் காருக்குத் தனியான சட்டகம் கிடையாது, உடல்தான் சட்டகம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருப்பவை கதவுகளின் கீழே இரு பக்கமும் ஓடும் 'சில்' என்ற பெட்டிகள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே நிற்கும் தகடு, அடியில் மடிப்பு மடிப்பாக ஓடும் 'காசில் ரெயில்' எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு சில். இங்கிலாந்தின் பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பும் ஈரமும் உள்ளே புகுந்தால் உள்ளிருந்துதான் கறள் பிடிக்கும். வெளியே குமிழி தெரியும் நேரம் உள்ளே பாதி போயிருக்கும்.

இதைச் சரியாகச் செய்வதென்றால் முன் விங்கை (சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டை) கழற்ற வேண்டும், பின் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும், காரை வளையாமல் தாங்கி நிறுத்த வேண்டும், பிறகுதான் வெல்டிங். ஏனென்றால் சில்லின் இரண்டு முனைகளும் விங்குகளுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. சோம்பேறி வேலை எப்படி என்றால், கறள் பிடித்த பழைய தகட்டுக்கு மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி, ஓரத்தை வெல்ட் பண்ணி, பில்லர் என்ற நிரப்புப் பசையைப் பூசி, பெயின்ற் அடித்துவிடுவது. "நியூ சில்ஸ்" என்று விளம்பரத்தில் போடலாம். பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காருக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பாதி அந்தப் போர்வைக்குத்தான் போகிறது.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. திறந்த கார் என்றால் கதவுக்கும் பின் விங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. விற்பவரின் அனுமதியோடு ஒரு பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். ஜக் வைக்க அவர் தயங்கினால், அதற்கும் அதே பதில்தான். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கதவுக்குப் பின்னால், பின் வீலுக்கு முன்னால் உள்ள மூலையில் வையுங்கள். ஒட்டாத இடம் பில்லர். பிறகு கீழே படுத்துப் பாருங்கள். காசில் ரெயிலின் மடிப்புகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த இடம் தட்டையாக, கறுப்புத் தார் பூசி மெழுகியிருந்தால் யாரோ எதையோ மூடியிருக்கிறார்கள்.

கூரை உள்ள ஜி.ரி மாடலில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கூரை காரைப் பிடித்து வைத்திருப்பதால் சில் உக்கியிருந்தாலும் கதவு ஒழுங்காக மூடும். ஜி.ரி திறந்த காரைவிட மலிவாகக் கிடைக்கிறது என்பதும், மழை நாட்டில் அதுதான் புத்தியான கார் என்பதும் எங்கள் கருத்து. ஆனால் கதவுச் சோதனையை நம்பி அதை வாங்காதீர்கள்.

இனி விலைக்கு வருவோம். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. சந்தை விலை என்பது கைமாறிய விலை. இணைய ஏலங்களில் முடிந்த விற்பனைகளைத் தேடிப் பார்த்தால் அது தெரியும்; அங்கேயும் வாங்குபவர் கட்டும் கட்டணம் தனியாக இருக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்களுக்குக் காப்புறுதி செய்யும் ஹாகெர்ட்டி நிறுவனத்தின் விலைப்பட்டியல் ஒரு மாடலை நான்கு தரமாகப் பிரிக்கிறது: 1 கண்காட்சியில் நிற்கக்கூடியது, 4 ஓடக்கூடியது ஆனால் குறைகள் உள்ளது. விளம்பரங்களில் எல்லாக் காரும் 2ஆம் தரம். நாங்கள் நேரில் போய்ப் பார்த்தால் 3 அல்லது 4.

எங்கள் கணக்கு எளியது. நீங்கள் விரும்பும் நிலையில் உள்ள அதே மாடல், அதே வகைக் கார் இப்போது என்ன விலைக்குக் கைமாறுகிறது? அதிலிருந்து, உங்கள் முன்னால் நிற்கும் காரை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழியுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் கழியுங்கள், ஏனென்றால் அலைச்சலும் ஆபத்தும் உங்களுடையது. மிச்சம்தான் நியாயமான விலை. உதாரணத்துக்கு, நல்ல கார் 12,000 பவுண் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் போன கார் 9,500. மலிவு போலத் தெரிகிறது. ஆனால் இரண்டு சில்லும் பெயின்றும் சேர்த்து 5,000, கிளச் ஒன்று 800, கூரைத் துணி 500 என்றால் அதன் விலை 5,700க்கும் கீழேதான். 9,500 கொடுத்தால் நீங்கள் 15,800 பவுண் செலவழித்து 12,000 பவுண் காரை வைத்திருப்பீர்கள். பழைய கார் உலகத்தில் இது புதினமான கதை இல்லை.

கிளச் பற்றி ஒரு வார்த்தை. பாகம் மலிவு. ஆனால் எம்.ஜி.பியில் கிளச் மாற்ற எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். அதனால் சோதனை ஓட்டத்தில் கிளச் வழுக்கினால் பாகத்தின் விலையை மட்டும் அல்ல, கூலியையும் சேர்த்துக் கழியுங்கள்.

இதே கணக்கின்படி, திருத்த வேலைப் பில்களைக் கண்டும் அசரக் கூடாது. "இதில் 20,000 பவுண் போட்டிருக்கிறேன்" என்று ஒருவர் கோப்பை நீட்டினால் அவருடைய பொறுமையை மதியுங்கள். விலையை அதிலிருந்து கணக்கிடாதீர்கள். போட்ட காசு முழுதும் திரும்பாது. பில்களில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, வேலை செய்த இடம் எது, உடல் வேலையின் நடுவில் எடுத்த படங்கள் உண்டா என்பதை. வெட்டித் திறந்த நிலையில் எடுத்த நான்கு படங்கள் எங்களுக்கு ஒரு கட்டு பில்லைவிடப் பெரிது. புது உடல் போட்ட கார்களும் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988 முதல் எம்.ஜி.பி உடலைப் புதிதாகச் செய்து விற்கிறது. அப்படி ஒரு கார் சரியான சான்றோடு கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

குரோம் பம்பர், ரப்பர் பம்பர் சண்டை தெரிந்ததுதான். அமெரிக்க விதிகளுக்காக 1974 இறுதியில் காருக்குக் கறுப்பு ரப்பர் மூக்கு வைத்தார்கள், உயரத்தையும் கூட்டினார்கள். அழகு குறைந்தது, வளைவில் கார் கொஞ்சம் ஆடத் தொடங்கியது, இன்றுவரை விலையும் குறைவு. முதன்முதலாக வாங்குபவருக்கு நாங்கள் சொல்வது: உறுதியான ரப்பர் பம்பர் கார் ஒன்றை எடுங்கள். அதே காசுக்குக் கறள் பிடித்த குரோம் காரை எடுத்துவிட்டு வந்து எங்களோடு கோபிக்க வேண்டாம். ரப்பரைக் கழற்றிக் குரோம் பூட்டிய கார்களும் வரும். பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் குரோம் காரின் விலையைக் கொடுக்காதீர்கள். லொக்புக்கில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள ஆண்டும் சேஸி இலக்கமும் உண்மையைச் சொல்லிவிடும்.

ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லாத கார் மோட்டர்வேயில் 70 மைலில் போகும்போது எஞ்சின் 4,000 சுற்றை ஒட்டி அலறும்; இருந்தால் 3,200க்குக் கிட்ட இறங்கும். பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடிவதும் முடியாததும் இதில்தான். சுவிச்சைத் தட்டினால் உடனே சுற்று இறங்குகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். "வயர் மட்டும்தான் கழன்றிருக்கு" என்று சொன்னால், கழன்ற வயரைப் பூட்டிவிட்டு அழைக்கச் சொல்லுங்கள்.

எஞ்சினில் சூடான பிறகு ஒயில் பிரஷர் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐக்கு மேல் நின்றால் நல்லது. வால்வைத் தள்ளும் தப்பெற்றின் சத்தம் கொஞ்சம் கேட்பது வழக்கம்தான். நீல நிறப் புகை வழக்கம் அல்ல. கம்பிச் சக்கரம் என்றால் காரை முன்னும் பின்னும் மெதுவாக எடுத்துப் பாருங்கள், "டக்" என்று கேட்டால் சக்கரத்தைப் பிடிக்கும் பற்கள் (ஸ்பிளைன்) தேய்ந்திருக்கின்றன. பெற்றோல் குழாய்கள் பழையவையா என்று பாருங்கள். 2021இல் வந்த, எதனோல் கலந்த ஈ10 பெற்றோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். இருக்கை, காப்பெற், ரேடியோ இவையெல்லாம் பேரம் பேசப் பயன்படும், அவ்வளவுதான்.

பேப்பர்களில் ஒரு விசயத்தைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். 40 வயது தாண்டிய கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.ரி என்ற ஆண்டுப் பரிசோதனை கட்டாயம் இல்லை. வரியும் இல்லை, வரலாற்று வாகனமாகப் பதிந்திருந்தால் புகை கூடிய வாகனங்களுக்கான லண்டன் யூலெஸ் கட்டணமும் இல்லை. இதெல்லாம் வாங்குபவருக்கு வாய்ப்பு. ஆனால் "எம்.ஓ.ரி தேவையில்லை" என்பதற்கு "கார் நல்ல நிலையில் இருக்கிறது" என்று அர்த்தம் இல்லை. வண்டி இலக்கத்தைக் கொடுத்தால் பழைய எம்.ஓ.ரி முடிவுகளை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கடைசியாக 2017இல் "சில் அரிப்பு" என்று குறிப்பு இருந்து, அதற்குப் பிறகு எதுவுமே இல்லை என்றால், அந்தக் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு பேரம் பேசப் போங்கள். விருப்பத்தோடு ஆண்டுதோறும் எம்.ஓ.ரி செய்து வைத்திருப்பவரின் காருக்கு நாங்கள் கொஞ்சம் கூடவே கொடுக்கச் சொல்வோம். கார் எந்த நிறத்தில், எந்த நாட்டுக்கு என்று தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதை அறிய கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் சான்றிதழ் எடுக்கலாம். சேஸி இலக்கத்தின் முன்னொட்டில் எல் என்ற எழுத்து இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு பிறந்த கார். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவை பல கறள் குறைந்தவை. அதைக் குறையாக எடுக்க வேண்டாம், ஸ்டீயரிங் மாற்றிய வேலை ஒழுங்கா என்று மட்டும் பாருங்கள்.

எப்போது வாங்குவது? திறந்த கார் எல்லாருக்கும் வேண்டியது வெயிலில்தான். கார்த்திகை, மார்கழியில் பார்க்கப் போனால் விற்பவரும் கதைக்க ஆயத்தமாக இருப்பார், ஹீற்றர் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: மழையில் நனைந்த காரின் பெயின்றை மதிப்பிடாதீர்கள், ஈரத்தில் எல்லாப் பெயின்றும் மினுங்கும்.

வாங்கிய பிறகு காப்புறுதி எடுக்கும்போது, கார் போனால் எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் வகையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் 50 வயதுக் காருக்கு அவர்கள் நினைத்த விலையைத்தான் தருவார்கள். எம்.ஜி கழகங்கள் மதிப்பீட்டுக் கடிதம் தருகின்றன.

எங்கள் பரிசோதனைக்கு வருவோம். லண்டனுக்குள் என்றால் 120 பவுண், வெளியே என்றால் பயணச் செலவும் சேரும். ஒன்றரை மணித்தியாலம் எடுப்போம், காரைத் தூக்கிப் பார்ப்போம், படங்களோடு எழுதித் தருவோம். செலவுக் கணக்கும் அதில் இருக்கும். விற்பவரிடம் நாங்கள் விலை பேசுவதில்லை, அது உங்கள் வேலை. அவர் எங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவோம், அப்போது வேறு கராஜ் ஒன்றைப் பார்ப்பது நல்லது.

அழைப்பதற்கு முன் மூன்றை அனுப்புங்கள்: லொக்புக்கின் படம், சேஸி இலக்கத் தகட்டின் படம், கதவுக்குக் கீழே தரையோடு கமராவை வைத்து எடுத்த படம். மூன்றாவதை விற்பவர் அனுப்ப மறுத்தால் 120 பவுணை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம். சனிக்கிழமைப் பரிசோதனைக்கு வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கராஜ்