என் மகளின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் மறுபடி பதிவு செய்யக் கோரும் மனு (நான்காவது முறை)

அனுப்புநர்:
வழிப்பறி வழக்கில் சாட்சியாகச் சேர்க்கப்பட்டுள்ள 8 வயதுச் சிறுமியின் தாய்
(பெயர், முகவரி, வழக்கு எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்)

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பார்வை: குறைதீர்க்கும் நாளில் நான் நேரில் கொடுத்த 3 மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயில்வே கேட்டைத் தாண்டி, ரேஷன் கடைக்குப் பின்னால் போகும் எங்கள் சந்து தங்களுக்குத் தெரியும். போன தேர்த் திருவிழாவில் பந்தோபஸ்து பார்க்க வந்தபோது அந்த வழியாகத்தான் நடந்து போனீர்கள். முனைக் கம்பத்தில் லைட் எரியவில்லையே என்று கேட்டதும் தாங்கள்தான். (இன்னும் எரியவில்லை. அது வேறு மனு.) அந்த இருட்டு முனையில்தான், பைக்கில் வந்த 2 பேர் எங்கள் தெருப் பாட்டியின் 3 பவுன் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். 10 ரூபாய்க்குச் சீரகம் வாங்கி வர நான் அனுப்பிய என் மகள் அப்போது எதிரே வந்துகொண்டிருந்தாள். கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

1. மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் காது சரியாகக் கேட்காத என் மாமியார் மட்டும்தான். விசாரிக்க வந்த காவலர் செல்போனில் ஒரே ஒரு போட்டோவைக் காட்டி, "இவனைத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவளும் தெரியும் என்றாள். தெரியாமல் எப்படி இருக்கும்? எங்கள் தெருப் பையன். அவன் தங்கச்சியும் இவளும் சேர்ந்து பாண்டி ஆடுகிறவர்கள். அந்தத் "தெரியும்", காகிதத்தில் "செயினைப் பறித்தவர் இவர்தான் என்று அடையாளம் காட்டினேன்" என ஆகிவிட்டது.

2. பையனுக்கு 16 வயது முடிந்துவிட்டது. பெயரை இதில் எழுதவில்லை, எழுதக்கூடாது என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீலம்மா சொன்னார்கள். விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். ஒரு நாள் இரவு அவனுடைய அம்மா, அவர்களுக்குக் கொடுத்த சாட்சி வாக்குமூலங்களின் நகலை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இது உன் பிள்ளை சொன்னதா அக்கா?" என்று மட்டும் கேட்டார். "அவர் கையில் கத்தி வைத்திருந்தார்." என் மகளிடம் கேட்டேன். "கையில என்ன இருந்துச்சு, கத்தியான்னு கேட்டாங்க. தலையாட்டினேன்" என்கிறாள். நீ பார்த்தாயா என்றால், கறுப்பாக ஏதோ இருந்தது என்கிறாள். அது செல்போனாகவும் இருக்கலாம், ஐயா. செயின் இழந்த பாட்டியே கத்தி என்று சொல்லவில்லை, கழுத்தில் சுருக்கென்றது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பது எனக்கு வக்கீலம்மா சொல்லித்தான் தெரிந்தது. வெறும் வழிப்பறி என்றால் 10 வருடம் வரை தண்டனை, ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று கிடையாது. 18 வயதுக்குக் கீழே என்பதால் சிறுவர் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமமே விசாரித்து முடிக்கும். தப்பு என்று ஆனாலும் அதிகபட்சம் 3 வருடம் சிறப்பு இல்லம். இந்த வழக்கில் கத்தியைப் பயன்படுத்தினார்கள் என்று, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 311-வது பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். அதற்குக் குறைந்தபட்சமே 7 வருடம். அதனால் அது கொடுங்குற்றம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 15-வது பிரிவின்படி, பையனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பீடு செய்யும். அதற்கு 3 மாதம்தான் கெடு, அதில் 2 மாதம் போய்விட்டது. என் பிள்ளை ஆட்டிய தலைக்கு இவ்வளவு அர்த்தமா?

3. நாங்கள் தாங்க முடியாமல் இருப்பது இதுதான். இதுவரை 4 முறை அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அரை நாள் சம்பளம் போனது, அது போகட்டும். மூன்றாவது முறை பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபாரத்தோடே கூட்டிப் போனேன். 4 மணிக்கு வரச் சொன்ன ஆய்வாளர் வெளியே போயிருந்தார். பிடித்துப் போட்ட பைக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, அதில் உட்கார்ந்திருந்தோம். 6 மணிக்குப் பாத்ரூம் போகணும் என்றாள். பெண்கள் கழிவறை பூட்டியிருந்தது, சாவி இருக்கிற அம்மா ரோந்து போய்விட்டாராம். இதோ வருவார், இதோ வருவார் என்று முக்கால் மணி நேரம். கடைசியில் அந்தப் பெஞ்சிலேயே போய்விட்டாள், ஐயா. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஸ்கூல் பையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆய்வாளர் வந்தது 8 மணிக்கு. அன்று 2 நிமிடம்தான் பேசினார்.

அதற்கப்புறம் யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்கிறாள். ரெண்டாம் வாய்ப்பாடு தெரியாது. சாப்பிட்டியா என்றால் தெரியாது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வகுப்பில் நன்றாக வாய் பேசிய பிள்ளை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்ல? கடைக்கு அனுப்புவதையும் விட்டுவிட்டோம். அந்தத் தங்கச்சிப் பிள்ளையோடு விளையாடவும் போவதில்லை. போன வாரம் ராத்திரி லைட்டை அணைத்த பிறகு, "நான் தலையாட்டினதாலயாம்மா அந்த அண்ணன் ஸ்கூலுக்கு வரல?" என்று கேட்டாள்.

4. பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் உள்ள ஆண் பிள்ளைகளையும் சாட்சி விசாரணைக்கு அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவில் இருக்கிறது. இதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வைத்துவிட்டார்கள்.

5. குழந்தை சாட்சி செல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்பும்படி இருந்தால் குழந்தை சொன்னதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லியிருக்கிறதாம். அந்தப் பையன் செய்தானா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. செய்திருந்தால் சட்டப்படி ஆகட்டும், செயினை இழந்த பாட்டியும் எங்களுக்கு வேண்டியவர்தான். ஆனால் என் பிள்ளை பார்த்ததைத்தானே எழுத வேண்டும்? முனையில் உள்ள செல்போன் கடையில் கேமரா இருக்கிறது. 15 நாளில் பதிவு தானாக அழிந்துவிடும் என்று கடைக்காரர் அப்போதே சொன்னார். அதை வந்து வாங்க ஆளில்லை, 8 வயதுப் பிள்ளையை 4 முறை கூப்பிட மட்டும் ஆள் இருக்கிறது.

6. முதல் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். இரண்டாவது மனு, நான் யார் மேல் புகார் சொன்னேனோ அவரிடமே விசாரணைக்குப் போனது. மூன்றாவதற்கு "தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. எதைத் தீர்த்தார்கள்?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. அதே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவின்படி என் மகளின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் பதிவு செய்யும்படி விசாரணை அதிகாரி விண்ணப்பிக்க உத்தரவிடுங்கள். அவள் பார்த்ததை, அவள் வார்த்தையில், ஒரே ஒரு முறை கேட்கட்டும். குழுமம் மதிப்பீட்டை முடிப்பதற்குள் அது நடக்க வேண்டும். அதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சாதாரண உடையில் ஒரு பெண் காவலர் என் வீட்டுக்கு வரட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். ஸ்டேஷனுக்கு மட்டும் வேண்டாம். தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் ஐயா, இனி ஸ்டேஷனுக்கு மட்டும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை ஐந்தாவது முறையாக வரச் சொல்லியிருக்கிறார்கள். 4 மணிக்கு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறுமியின் தாய்
(கையொப்பம் தனித்தாளில்)