ஈபாநெட்டுக்கு ஒரு தமிழ்த் திரை: சேகருக்குக் கடிதம்

கோவை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவனுக்குப் பரீட்சை நெருங்குகிறது, வீட்டில் டிவி சத்தமே இல்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்கு வரும் பஞ்சாயத்துக் குடிநீர் டேங்க் ஆபரேட்டர்களுக்கு, காலையில் ஒரு வால்வை மூடினால் கடைசித் தெருவில் என்ன ஆகும் என்பதைக் கம்ப்யூட்டரில், தமிழில் காட்ட முடியுமா என்று எழுதியிருந்தாய். முடியும். பாதிக்கு மேல் செய்தும் விட்டேன்.

கணக்கை நாம் எழுத வேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் லூயிஸ் ராஸ்மன் உருவாக்கிய ஈபாநெட், குழாய் நெட்வொர்க்கில் தண்ணீரின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் மென்பொருள், 1993-லிருந்து இருக்கிறது. பாலிடெக்னிக்கில் ஹார்டி கிராஸ் முறையில் ஒரு லூப்பை, அதாவது ஒரு குழாய் வளையத்தை, கால்குலேட்டரில் திருத்தித் திருத்தி விடிய விடிய உட்கார்ந்தோமே, அதை இது எல்லா லூப்புக்கும் ஒரே நேரத்தில் தீர்த்துவிடுகிறது. கணக்குப் பகுதி, அதாவது இன்ஜின், சி மொழியில், வேறு புரோகிராம்களும் அழைக்கக்கூடிய தனி டி.எல்.எல். கோப்பாக இருக்கிறது. நீ விண்டோஸில் பார்க்கும் திரை டெல்ஃபி என்ற மொழியில் எழுதியது. அந்தத் திரை நெட்வொர்க்கை உரைக்கோப்பாக எழுதி இன்ஜினிடம் கொடுக்கும், இன்ஜின் முழு நாளையும் கணக்கிட்டு விடையைக் கோப்பில் வைக்கும், திரை அதைத் திறந்து காட்டும். அதனால்தான் நடுவில் கை வைக்க முடியவில்லை என்று நீ குறைபட்டாய். ஓடி முடிந்த நாளைத்தான் அதில் பார்க்கலாம்.

ஆனால் வெளியிலிருந்து இன்ஜினை அழைப்பதற்கென்று இருக்கும் டூல்கிட்டில் ‘ரன்-ஹெச்’, ‘நெக்ஸ்ட்-ஹெச்’ என்று இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. முதலாவது அந்த நேரத்து அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணக்கிடும். இரண்டாவது தொட்டியின் நீர்மட்டத்தை நகர்த்திவிட்டு, அடுத்த கணக்கு எத்தனை வினாடி கழித்து என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் நாள் முடிந்தது. இந்த இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. நான் கட்டியிருப்பது முழுக்க அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. ஒன்றைக் கவனி: ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள ஸ்டெப்பை ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தாலும் நடுவில் தொட்டி நிரம்பினால் இன்ஜின் அங்கேயே நின்று கணக்கிடும். ஆகவே வரைபடத்தின் கீழ் அச்சில் ஸ்டெப் எண் போடாமல் கடிகார நேரத்தைப் போட்டேன்.

திரையைப் பைத்தான் மொழியில், ஜன்னலும் பட்டனும் வரையும் க்யூடி நூலகம் கொண்டு எழுதுகிறேன். ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலைகள், அதாவது த்ரெட்கள். மெயின் த்ரெட் வரையும், இன்னொரு த்ரெட் இன்ஜினைத் தொடும். வேறு யாரும் இன்ஜினைத் தொடக் கூடாது. இதில் நான் கறார். பட்டனை அழுத்தினால் வால்வு உடனே மூடாது. ‘7:10, வால்வு 14, மூடு’ என்று ஒரு சீட்டு வரிசையில் விழும். இன்ஜின் த்ரெட் அடுத்த ‘ரன்-ஹெச்’சுக்கு முன் சீட்டை எடுத்து நிறைவேற்றும், கிடைத்த அழுத்தங்களைப் பிரதியெடுத்து சிக்னலாகத் திரைக்கு அனுப்பும். இன்ஜினின் மெமரியைத் திரை நேரடியாக எட்டிப் பார்த்தால் எழுத வசதிதான். ஆனால் பாதி பழைய நேரத்து எண்ணும் பாதி புது நேரத்து எண்ணும் கலந்து வந்தால் ஆபரேட்டர் நம்பிப் பார்க்கும் படமே பொய்யாகிவிடும்.

சீட்டு முறையால் இன்னொரு நன்மை. திரையில் நேரத்தை நகர்த்தும் ஸ்லைடரைப் பின்னால் இழுத்தால் இன்ஜினுக்குப் பின்னால் போகத் தெரியாது. நேரத்தோடு சீட்டுகள் கையில் இருப்பதால் நள்ளிரவிலிருந்து மறுபடி ஓட்டி, அந்தந்த நேரத்தில் அந்தந்தச் சீட்டைக் கொடுத்தால் போதும். பஞ்சாயத்து நெட்வொர்க் சின்னது, மறுபடி ஓடியதே கண்ணுக்குத் தெரியாது. பயிற்சி முடிந்ததும் அந்தச் சீட்டுகளை வைத்தே, ஏன் அப்போது மூடினாய் என்று நீ உட்கார்ந்து பேசலாம்.

இன்ஜின் திருப்பித் தரும் எண்களையும் பார்த்து நடத்த வேண்டும். 110 வந்தால் சமன்பாடு தீரவில்லை, நிறுத்திவிட வேண்டியதுதான். 6 என்பது எங்கோ அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போனது என்ற எச்சரிக்கை. நமக்குப் பாடமே அந்த 6-தான், அதை எர்ரர் பெட்டியாகக் காட்டக் கூடாது. அந்த இடத்தைச் சிவப்பாக்கி நாளைத் தொடர்ந்து ஓட விடுகிறேன். இன்னொன்று, வழக்கமான கணக்கில் அழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் எல்லா வீட்டுக்கும் கேட்ட தண்ணீர் போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கடைக்கோடி வீட்டுப் பெண்களிடம் அப்படிச் சொல்லிப் பார்! 2.2 பதிப்பில் அழுத்தத்துக்கு ஏற்பத் தண்ணீர் குறையும் முறை வந்திருக்கிறது. அதையும் தேர்ந்தெடுக்க வழி வைத்திருக்கிறேன். மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு மாடியில்லாத ஒற்றைத் தள வீட்டுக்குச் சொன்ன 7 மீட்டர் அழுத்தத்துக்குக் கீழே போனால் மஞ்சள் நிறம்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் இருந்தது. இன்ஜினில் ஒரு முனைக்கு, அதாவது குழாய்கள் சேரும் இடத்துக்கு, 31 பைட் வரைதான் பெயர். யூனிகோடில் ‘பிள்ளையார்’ என்று எழுதினாலே 30 பைட் போய்விடுகிறது, கோயிலுக்கும் முக்குக்கும் இடமில்லை. அதனால் இன்ஜினுக்குள் வெறும் எண்கள், திரைப் பக்கம் மட்டும் எண்ணுக்கு நேராக ஊர்ப் பெயர். இன்ஜின் எந்த மொழியையும் அறிய வேண்டிய அவசியமில்லை. நாளைக்கு வேறு மொழியில் வேண்டுமென்றாலும் அந்த ஒரு பட்டியலை மாற்றினால் போதும்.

இப்போது மாதிரி நெட்வொர்க்கில் ஓடுகிறது. உன் பக்கத்துக் கிராமம் ஒன்றின் விவரம் வேண்டும்: மேல்நிலைத் தொட்டியின் அடிமட்ட உயரம், கொள்ளளவு, ஒவ்வொரு பைப்பின் விட்டமும் நீளமும், தெருக்களின் தரைமட்டம், மோட்டார் போடும் நேரம். தரைமட்டம் கிடைக்காவிட்டால் அந்த ஊர் ஆபரேட்டரிடம் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் ஏறும், எதற்குக் கடைசியில் என்று கேட்டு எழுதி அனுப்பு. திரையில் வரும் வரிசையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பொங்கலுக்கு நீ இங்கே வருவதற்குள் அந்த ஊரை ஏற்றி வைத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி