ஜிம்மி நோலனையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ஃபங்க் (தாளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க இசைவகை) பற்றிய கட்டுரை, அதன் பிறப்பைப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் ஒருவரின் சாதனையாகவே காட்டியது வருத்தமளிக்கிறது. 1934-இல் ஓக்லஹோமாவில் பிறந்து, ஜானி ஓட்டிஸின் இசைக்குழுவில் வாசித்துத் தேர்ந்து, 1965-இல் பிரவுனிடம் சேர்ந்த ஜிம்மி நோலனின் கிட்டார் இல்லாமல் அந்த இசையை எண்ணிப் பார்க்கவே முடியாது. இடக்கை விரல்களால் தந்திகளை இலேசாக அழுத்தி உடனே விடுவித்து, வலக்கையை இடைவிடாமல் வேகமாக வீசி அவர் எழுப்பிய ஒலி, கோழி நிலத்தைக் கிளறுவதை நினைவூட்டியதால் ‘சிக்கன் ஸ்க்ராட்ச்’ (கோழிக் கிளறல்) என்ற பெயராலேயே அறியப்பட்டது. சுரக் கருவியான கிட்டாரை அவர் ஏறக்குறைய ஒரு தாளக் கருவியாகவே ஆக்கிவிட்டார்.

பல ஆண்டுகளாகக் கிட்டார் கற்பித்துவரும் எனக்கு, இது எத்தனை கடினம் என்பது தெரியும். வேகமான தனி வாசிப்புகளை ஒரே மாதத்தில் பழகிவிடும் மாணவர்கள்கூட, இந்த வலக்கை வீச்சை மூன்று நிமிடம் சீராக வாசிக்கத் திணறுகிறார்கள். இடையில் ஈராண்டு பிரிவு தவிர, 1983 டிசம்பரில் மாரடைப்பால் மறையும்வரை பிரவுனுடனேயே வாசித்த நோலனுக்கு அப்போது வயது 49. இனி இசைக் கட்டுரைகளில் பாடகரின் பெயருடன், பாடலில் வாசித்த கலைஞர்களின் பெயர்களையும் ஒரு சிறு கட்டத்திலாவது தாங்கள் வெளியிட வேண்டும். அதை நோலனிலிருந்தே தொடங்கலாம்.

– கிட்டார் ஆசிரியர் ஒருவர்