பேஸ்பால் வரலாற்றில் விடுபட்ட பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பேராசிரியர் ஹரால்ட் சீமோர் பேஸ்பால் வரலாற்றின் மீது கொண்டிருந்த ஈடுபாட்டைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். புரூக்ளினில் சிறுவனாக டாட்ஜர்ஸ் அணியினருக்கு மட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பின்னாளில் அதே விளையாட்டின் வரலாற்றை ஆராய்ந்து 1956-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார் என்பதைக் கட்டுரையாளர் சுவைபடச் சொல்லியிருக்கிறார். போரையும் அரசியலையும் விட்டுவிட்டு ஒரு பந்தாட்டத்தை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ள அன்றைய வரலாற்றுத் துறையில் துணிவு வேண்டியிருந்தது என்பதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், அவருடைய மூன்று தொகுதி வரலாற்றை ஒரு தனிமனிதரின் தவமாகக் கட்டுரை காட்டியிருப்பது உண்மைக்குப் பொருந்தாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த உழைப்பில் டாரதி என்ற பெண்மணிக்குச் சமபங்கு உண்டு. கிளீவ்லாந்தில் சீமோர் கற்பித்த கல்லூரியில் மாணவியாக இருந்து, 1949-இல் அவரை மணந்தவர் அவர். பழைய நாளிதழ்களைப் புரட்டுவது, குறிப்பெடுப்பது, எடுத்த குறிப்புகளை வகைப்படுத்துவது, வரைவைத் திருத்துவது எனப் பல பத்தாண்டுகள் அவர் உழைத்தார். இந்தத் துறையில் அது எளிய வேலை அன்று. 19-ஆம் நூற்றாண்டின் ஆட்டங்களைப் பற்றி ஒழுங்கான ஆவணக்காப்பகம் எதுவும் இல்லாததால், நாளிதழ்களின் மூலைகளில் நாலைந்து வரிகளாகக் கிடக்கும் செய்திகளையும், ஆண்டுதோறும் வெளிவந்த ஆட்டக் கையேடுகளையும், ஹென்றி சாட்விக் போன்ற தொடக்ககால நிருபர்கள் செய்தி நறுக்குகளை ஒட்டி விட்டுச்சென்ற புத்தகங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஓர் அத்தியாயத்தையாவது எழுத முடியும்.

முதல் தொகுதியை 1960-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அடுத்தது 1971-இலும், சிறைச்சாலைகள், பழங்குடியினர் பள்ளிகள், பெண்கள் கல்லூரிகள் ஆகியவற்றில் ஆடப்பட்ட பேஸ்பாலைப் பதிவு செய்த மூன்றாவது 1990-இலும் வெளிவந்தன. மூன்றின் அட்டையிலும் ஹரால்ட் சீமோரின் பெயர் மட்டுமே இருந்தது. மூன்றாவது தொகுதி உருவான காலத்தில் கணவரின் உடல்நலம் குன்றியிருந்ததால் அதன் பெரும்பகுதியை எழுதியவரே டாரதிதான்; இணையாசிரியராகத் தம் பெயரைப் போடும்படி கேட்டும் கணவர் இணங்கவில்லை என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். பந்தாட்ட முதலாளிகள் ஒப்பந்த விதி ஒன்றைக் காட்டி ஆட்டக்காரர்களைத் தம்மிடமே கட்டிப்போட்டிருந்ததை அவ்வளவு கூர்மையாக எழுதிய வரலாற்றாசிரியர், தம் வீட்டு எழுத்து மேசையில் நடந்ததைக் காணவில்லையா, காண விரும்பவில்லையா என்பது எனக்கு விளங்காத புதிர்.

ஹரால்ட் 1992-இல் மறைந்தார். மறுமணத்துக்குப் பின் டாரதி சீமோர் மில்ஸ் என்று அறியப்பட்ட அவர் தம் பங்கை நிலைநாட்டத் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். முதல் தொகுதி வந்து 50 ஆண்டுகள் கடந்த நிலையில், 2010-இல்தான் பதிப்பகம் அவரை இணையாசிரியராக ஏற்றது. அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகமோ அதற்கு முன்பே, சிறந்த பேஸ்பால் வரலாற்று நூலுக்கு 1996 முதல் வழங்கிவரும் பதக்கத்துக்கு இருவர் பெயரையும் சூட்டியிருந்தது. 2019-இல் டாரதியும் மறைந்தார். கட்டுரையாளருக்கு இவையெல்லாம் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால், இப்போது அச்சாகும் பதிப்பின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும்.

இன்னொரு திருத்தமும் உண்டு. 1839-இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில், பின்னாளில் ராணுவத் தளபதியான ஆப்னர் டபுள்டே பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்ற கதையை முதன்முதலில் உடைத்தவர் சீமோர் என்று கட்டுரை கூறுவது சரியன்று. 1907-இல் ஒரு குழு, ஒரு முதியவரின் நினைவை மட்டுமே பெரிதும் நம்பி அந்தக் கதைக்கு முத்திரை குத்தியது. ஆனால், டபுள்டே 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் அன்றி, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். அக்கதையை ஆதாரங்களோடு தகர்த்தவர்களில் முன்னோடி நியூயார்க் பொது நூலகத்தின் நூலகர் ராபர்ட் ஹென்டர்சன். அவருடைய நூல் 1947-இலேயே வந்துவிட்டது. பேராசிரியப் பட்டம் இல்லாத நூலகர் என்பதாலோ என்னவோ, அவரும் எளிதில் மறக்கப்படுகிறார். சீமோர் தம்பதியர் அந்த அடித்தளத்தின் மீது நின்று, இந்த ஆட்டம் எவ்வாறு பெருவணிகமாக மாறியது என்ற பெரிய கேள்வியை எழுப்பினார்கள். அவர்களுடைய தனிச்சிறப்பு அதுதான்.

எனவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டு, அந்த மூன்று தொகுதிகளின் ஆசிரியர்களாக ஹரால்ட் சீமோர், டாரதி சீமோர் மில்ஸ் ஆகிய இருவரையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்