எங்கள் நூலகத் தளத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசி மழையில், ஒரு திங்கட்கிழமை, பெரியவர் ஒருவர் பேத்தியை அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி எங்கள் நூலகத்துக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. வார விடுமுறையை வெள்ளியிலிருந்து திங்களுக்கு மாற்றி ஒரு மாதம் ஆகியும் இணையதளத்தில் பழைய நாளே இருந்தது. தளத்தைச் செய்துகொடுத்தவர்களுக்கு மூன்று முறை எழுதியும் அந்த ஒரு வரி மாறவில்லை. நாங்களே மாற்றிக்கொள்ள வழியும் இல்லை. நனைந்த பையோடு அந்தப் பிள்ளை திரும்பிப் போனதை எதிர் டீக்கடைக்காரர் மறுநாள் சொன்னபோது மனசு தாங்கவில்லை.

இன்று அந்த வரியை எங்கள் நூலக உதவியாளர் அக்காவே அரை நிமிடத்தில் மாற்றிவிடுகிறார். அதற்கு வழி செய்தவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே எழுதுகிறேன்.

முதல் நன்றி, சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பிக்கு. எங்கள் வாசிப்பறையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்த பிள்ளை. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்று ஒன்று உண்டு, அதில் பக்கத்தின் தோற்றம் ஓரிடத்திலும் எழுதியது வேறிடத்திலும் இருக்கும், எழுதியதைத் திருத்த நிரல் தெரிய வேண்டியதில்லை என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வகை மென்பொருள்களான ட்ரூபல், ஜூம்லா, வேர்ட்பிரஸ் மூன்றையும் தன் மடிக்கணினியில் நிறுவிக் கொண்டுவந்தார். எது நல்லது என்று வாய் திறக்கவில்லை. அக்காவை உட்காரவைத்து, 'நாளை நூலகம் விடுமுறை' என்று மூன்றிலும் போடச் சொன்னார். யாரையும் கேட்காமல் அக்கா முடித்தது வேர்ட்பிரஸில். அதையே வைத்துக்கொண்டோம். ட்ரூபலில் செய்யக்கூடியது அதிகம் என்பார்கள், இருக்கட்டும். தினமும் எழுதப்போகிறவர் கைக்கு எது பழகுமோ அதைத் தேர்ந்ததுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

தமிழ்த் தலைப்பு வைத்தால் இணைய முகவரி பாதியில் அறுந்துபோவதையும் அவர்தான் கண்டுபிடித்தார். 'நூ' என்ற ஓர் எழுத்தே முகவரிக்குள் 18 குறிகளாக விரியுமாம். வேர்ட்பிரஸ் வைத்துக்கொள்வது மொத்தம் 200 குறிகள். இப்போது முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுக்கிறோம்.

அடுத்து, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பழைய தளத்தில் பல ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் கிடந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். எழுத்துரு மாற்றும் மென்பொருளால் எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்குக் கொண்டுவந்தோம்; வேலை முடிந்தது என்றிருந்தோம். ஐயா உட்கார்ந்து 'பௌர்ணமி' என்று தேடினார். மாதந்தோறும் பௌர்ணமியன்று கூட்டம் நடத்தும் நூலகத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை! ஔகாரக் குறி வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்த நேரத்திலும் கோடை முழுக்க வந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் திருத்தினார். மறைந்த உறுப்பினர்கள் பேசிய பேச்சுகள் இன்று தேடினால் கிடைக்கின்றன என்றால் அது ஐயாவின் உழைப்பு.

பார்வையற்ற வாசக நண்பர் ஒருவர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளோடு வந்து தளத்தைச் சோதித்தார். அறிவிப்புகளை அச்சடித்து, படமெடுத்துப் போடுவது எங்கள் வழக்கம். "உங்கள் அறிவிப்பு எனக்குப் 'படம்' என்று மட்டும்தான் கேட்கிறது" என்றார். அன்றோடு அந்த வழக்கத்தை விட்டோம். எழுத்தாகவே போடுகிறோம், படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கிறோம். இதை யாராவது பத்து வருடத்துக்கு முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வழங்கிக்கும் தளப்பெயருக்கும் ஆண்டுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்ட நோட்டுப் புத்தகக் கடை அண்ணாச்சிக்கும், வேர்ட்பிரஸைத் தமிழாக்கிய முகமறியாத தன்னார்வலர்களுக்கும் நன்றி.

நூற்பட்டியலுக்கு கோஹா வைத்திருக்கிறோம். நியூசிலாந்தில் ஹோரோஹெனுவா என்ற வட்டாரத்தின் நூலகங்கள் தங்கள் தேவைக்காக 1999இல் செய்வித்து, உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. அந்த நூலகர்களுக்கு இங்கிருந்து ஒரு கும்பிடு.

கடைசியாக எங்கள் அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் தமிழ்99 விசைப்பலகை பழகி, புதுவரவு நூல்களைச் சனிக்கிழமைதோறும் தளத்தில் ஏற்றுகிறார். வாசகர் வட்டப் பிள்ளைகள் எழுதும் நூல் அறிமுகங்களை நான் பார்த்து வெளியிடுகிறேன்.

மழையில் வந்து திரும்பிய பெரியவர் யாரென்று இன்றும் தெரியவில்லை. இந்த மடல் அவர் கண்ணில் பட்டால், ஐயா, எங்களை மன்னியுங்கள். திங்கள் தவிர எந்த நாளும் காலை எட்டு மணிக்குத் திறந்திருப்போம். பேத்தியை அழைத்து வாருங்கள். உறுப்பினர் அட்டை நாங்கள் போட்டுத் தருகிறோம்.

நன்றியுடன்,
நூலகர்