பழைய மூங்கில் தூண்டில் கம்பை நாங்கள் ஏன் தேய்ப்பதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

உதகை, மூணாறு பக்கத்து எஸ்டேட் பங்களாக்களிலிருந்து பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் பட்டறைக்கு வந்து சேரும் பழைய டிரௌட் மீன் தூண்டில் கம்புகள் பலவற்றோடு, ‘நன்றாகத் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கித் தாருங்கள்’ என்ற குறிப்பும் வருகிறது. அந்த ஒன்றை மட்டும் நாங்கள் செய்வதில்லை.

இக்கம்பு முழு மூங்கில் அன்று. தென் சீனத்தின் குவாங்டொங் பகுதியில் விளையும் டோன்கின் மூங்கிலைப் பிளந்து, முக்கோணமாகச் சீவிய ஆறு பிளாச்சுகளைத் தோல்பக்கம் வெளியே இருக்கும்படி ஒட்டியே அதைச் செய்கிறார்கள். மூங்கிலின் வலுவான நார்கள் தோலை ஒட்டித்தான் அடர்ந்திருக்கும்; உள்ளே போகப் போக வெறும் சோற்றுப் பகுதிதான். நுனித் துண்டின் முனையோ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமே இருக்கும். அங்கே உப்புத்தாளை ஓட்டினால், பளபளப்போடு கம்பின் உயிரும் போய்விடும். தொழில் தொடங்கிய புதிதில் ஒருவருடைய நுனித் துண்டை நாங்களே அப்படித் தேய்த்துக் கெடுத்தோம். முதல் வீச்சிலேயே அது முறிந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இப்போது பழைய வார்னிஷை மட்டும், மூங்கிலைத் தொடாமல், மெல்லச் சுரண்டி எடுக்கிறோம்.

பழைய கம்புகள் பலவற்றில், தச்சர்கள் வச்சிரம் என்னும் தோல் பசையே பிளாச்சுகளைப் பிடித்திருக்கிறது. ஈரமும் சூடும் அதற்கு ஆகா. வளைந்த கம்பை நிமிர்த்த இளஞ்சூடு காட்டியே ஆகவேண்டும் என்பதால், ஒரே நாளில் முடிக்காமல் சிறுகச் சிறுகச் செய்கிறோம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கம்பை விட்டுச் செல்லாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

தூண்டில் இழை ஓடும் வளையங்களைக் கம்போடு கட்டும் பட்டு நூல் வார்னிஷ் பட்டதும் கண்ணாடிபோல் ஆகி நிறம் மங்கும். பழைய நிறமே வேண்டுமென்றால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

வார்னிஷ் வேலையைத் தை பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை மட்டுமே செய்கிறோம். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பூச்சு எளிதில் காயாது. ஆடியில் வந்த கம்பு பங்குனிவரை எங்களிடம் காத்திருப்பது அலட்சியத்தால் அன்று.

கம்பின் துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண் இறுகிக் கழலாவிட்டால் முறுக்காதீர்கள். முறுக்கினால் பிளாச்சுகளின் ஒட்டு விட்டுப்போகும். கழற்றாமல், துணியில் சுற்றி அப்படியே அனுப்புங்கள்.

இங்ஙனம்,
பட்டறையார்